கோப்பிப் பாட்டு வெளியிட்ட கதை

அந்தப் பாட்டை வானொலியில் போட்டால் நான் இன்றைக்கும் எழுந்துபோய் நிறுத்திவிடுவேன். வீட்டில் இது எல்லோருக்கும் ஒரு வேடிக்கை. டென்மார்க்கில் பழைய ரொக் பாடல்கள் என்று எந்த நிகழ்ச்சி போனாலும் அதில் இது கட்டாயம் இருக்கும். அறிவிப்பாளர் குரலைக் குழைத்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாடிய பாட்டு என்பார். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள் என்பதுதான் எனக்குக் கடுப்பு.

நான் அப்போது இக்காஸ்டில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஊரிலிருந்து வெளிக்கிட்டபோது மனைவி கர்ப்பமாக இருந்தாள். இங்கே என்னை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். சட்டப்படி மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட எனக்கு உரிமை இருந்தது, விண்ணப்பித்தேன். மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள், கதைக்கத் தொடங்கினாள். இதெல்லாம் எனக்குக் கசெற்றில் பேச்சாகவும் சிணுங்கலாகவும் வந்து சேர்ந்தது. விண்ணப்பத்துக்குத்தான் பதில் வரவில்லை. எங்களில் எத்தனையோ பேருக்கு அதே நிலைமை. மேலிடத்தில் தமிழருடைய கோப்புகளை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகு வெளியே வந்து, அதனால் ஓர் அரசாங்கமே விழுந்தது. அப்போது அது எங்களுக்கு எங்கே தெரியும். எங்கள் பத்திரங்களில்தான் ஏதோ பிழை என்று நினைத்து ஒவ்வொருவரும் தன் பத்திரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிழமைக்கொரு தடவை, தொழிற்சாலைக் கன்ரீனில் இருந்த ரெலிபோனில் கொப்பன்ஹேகன் குடிவரவு அலுவலகத்துக்கு எடுப்பேன். வேலை நேரத்தில் மெசினை விட்டு அசைய ஏலாது, இடைவேளையில்தான் எடுக்கலாம். நாடு முழுக்க இடைவேளை ஒரே நேரத்தில் வரும் என்பது என் தலைவிதி. ஒரு பெண் எடுத்து மரியாதையாகச் சொல்லுவார்: "உங்கள் கோப்பைப் பார்ப்பவர்கள் இப்போது கோப்பி குடிக்கிறார்கள்." பிறகு எடுக்கச் சொல்லுவார். பிறகு என்றால் நான் மெசினில் நிற்பேன்.

அடுத்த மெசினில் நின்றவன் ஒரு டெனிஷ்காரன். தோளுக்குக் கீழே தலைமயிர், காதில் செருகிய சிகரெட். சனிக்கிழமைகளில் ஒரு ரொக் குழுவில் கிற்றார் அடித்துப் பாடுவான். நல்லவன். மற்றவர்களுக்காகக் கோபப்படுவதில் அவனுக்கு ஒரு தனிச் சந்தோசம் இருந்தது. நான் ரெலிபோனை வைத்துவிட்டு வந்தால், "இன்றைக்கு என்ன சொன்னார்கள்?" என்பான். "கோப்பி குடிக்கிறார்களாம்" என்பேன். அவன் மேசையில் குத்துவான். என்னுடைய கோபத்தையும் சேர்த்து அவனே பட்டுவிடுவதால் எனக்கு மிஞ்சுவது அலுப்பு மட்டும்தான்.

ஒரு திங்கட்கிழமை வந்து, "உன்னைப் பற்றி ஒரு பாட்டு எழுதிவிட்டேன்" என்றான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மாதம் ஹோர்சன்ஸில் ஒரு சின்ன ஸ்ரூடியோவில் அதைப் பதிந்துகொண்டு வந்தார்கள். பக்கத்துக்கு ஒரு பாட்டாகச் சின்ன இசைத்தட்டு. மறுபக்கத்தில் இருந்தது அவனுடைய மோட்டார் சைக்கிளைப் பற்றியது. எனக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஆளுக்கொரு பக்கம்.

பாட்டு மோசம் என்று சொல்லமாட்டேன். மூன்று சரணம். முதலாவதில் ஒருவன் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இரண்டாவதில் அவன் காணாத பிள்ளைக்குப் பல் முளைக்கிறது. மூன்றாவதில் ஒரு பெண் தபால்காரனின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இந்தச் சரணங்களை அவன் தாழ்ந்த குரலில் முணுமுணுப்பான். அது முடிய ட்ரம் இடிக்கும், கிற்றார் கத்தும், எல்லோருமாகச் சேர்ந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள்: அவர்கள் இப்போது கோப்பி குடிக்கிறார்கள். சரணம் யாருக்கும் விளங்காது, பல்லவி செவிடனுக்கும் கேட்கும்.

சில கிழமைகளில் உள்ளூர் வானொலி அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஓகூஸ் நகர வானொலியிலும் போட்டார்கள். ஏன் பிடித்தது என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. கோப்பி குடிக்காத டெனிஷ்காரரை நான் இன்னும் காணவில்லை. கன்ரீன் மணி அடித்ததும் எங்கள் பகுதிப் பெண்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பாடத் தொடங்குவார்கள். பிறந்தநாளுக்குப் பாடினார்கள். உதைபந்தாட்ட மைதானத்தில் இடைவேளைக்குப் பாடினார்கள். தோளோடு தோள் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடிப் பாடினார்கள். நான் அவர்களுக்கு நடுவில் ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன், மறுமுனையில் அந்தப் பெண் அதையே வசனமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் சுப்பவைசர் என் முதுகில் தட்டி, "உன்னுடைய பாட்டு" என்று பாராட்டு வேறு.

"ஒருத்தராவது சரணத்தைக் கேட்கிறார்களா?" என்று பாடினவனிடம் கேட்டேன்.

"ரொக் பாட்டில் சரணத்தை யாரும் கேட்பதில்லை" என்றான். "ஆனால் பார், நாடே உன்னைப் பாடுகிறது."

நாடு கோப்பியைப் பாடுகிறது என்பதை அவனுக்கு விளங்கப்படுத்த என் டெனிஷ் போதவில்லை. இப்போது போதும். இப்போது சொல்லி என்ன.

டெனிஷ்காரர் இப்படி என்றால் எங்கள் ஆட்கள் இன்னொரு விதம். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் ஊரில் தபாலதிபராக இருந்தவர், இங்கே இரவு வேலைக்குப் போகிறவர். இசைத்தட்டைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெளியீட்டு விழா வைக்காமல் விடேலாது" என்றார்.

"அண்ணை, அது வெளிவந்து ரெண்டு மாசமாச்சு. கடையில விக்கிறாங்கள்."

"அது அவையின்ர வெளியீடு, தம்பி. எங்களைப் பற்றி ஒருத்தன் பாடியிருக்கிறான். நாங்கள் முறைப்படி வெளியிட்டாத்தானே அதுக்கொரு மரியாதை."

நான் மறுத்திருப்பேன். ஆனால் பாடினவன் ஒரு செய்தி கொண்டுவந்தான். பத்திரிகைக்காரி ஒருத்தி அவனைச் சந்தித்திருக்கிறாள். விழாவுக்கு வருகிறாளாம், என்னோடு கதைக்கவேண்டுமாம், மனைவியின் படமும் மகளின் படமும் இருந்தால் முதற்பக்கத்தில் போடுவாளாம். அந்த நாட்களில் பத்திரிகையில் முகம் வந்தால் கோப்பு அசையும் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. ஹோர்சன்ஸில் ஒருவருடைய மனைவி அப்படித்தான் வந்து சேர்ந்தாள் என்று கதை. எனக்கு விழாவும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், அந்தப் பத்திரிகைக்காரியோடு ஒரு மூலையில் அரை மணித்தியாலம் கிடைத்தால் போதும். அதற்காகத்தான் ஓம் என்றேன்.

விழா ஞாயிறு இரண்டு மணிக்கு என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். இசைக்குழுவும் பத்திரிகைக்காரியும் இரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்க வந்துவிட்டார்கள். விழாவுக்கு எடுத்திருந்த உடற்பயிற்சி மண்டபம் பூட்டியிருந்தது. திறப்பு செயலாளரிடம் இருந்தது. செயலாளர் வீட்டில் விழாச் சிற்றுண்டிக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். நான் அவளோடு அங்கேயே, அந்தக் குளிருக்குள்ளேயே, கதையைத் தொடங்கியிருக்கவேண்டும். "உள்ளே போய் வசதியாக இருந்து கதைப்போம்" என்று அவளே சொன்னாள். "ஐந்து மணிக்கு எனக்கு ரயில்" என்றும் சொன்னாள். என் கோட்டுப் பையில் படங்கள் இருந்தன.

திறப்பு வந்து சேர மூன்று மணி தாண்டிவிட்டது, கதிரை அடுக்க என்னையும் பிடித்துக்கொண்டார்கள். மூன்றரைக்கு மண்டபம் நிறைந்தது. நான் அவளைத் தேடிப் போகத் திரும்பினேன், தலைவர் என் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றிவிட்டார். நிகழ்ச்சிநிரலில் கடைசி வரியில் என் பெயர் இருந்தது, நன்றியுரை. நன்றி சொல்லுகிறவன் முதலிலிருந்தே மேடையில் இருக்கவேண்டுமாம். வெள்ளைச் சீலை விரித்த மேசை, பிளாஸ்ரிக் பூச்சாடி, வரிசையாகக் கதிரைகள். பத்திரிகைக்காரி முன்வரிசையில், எனக்கு நேர் எதிரே, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள்.

விளக்கேற்றினார்கள். குத்துவிளக்குக்கு ஐந்து முகம், அழைக்கப்பட்டவர்கள் அதைவிடக் கூடுதல். பாடினவன் தன் முறை வந்ததும் கொடுத்த மெழுகுதிரியைக் கவனிக்காமல் சட்டைப்பையிலிருந்து சிகரெட் லைற்றரை எடுத்துப் பற்றவைத்தான். சபையில் ஒரு முணுமுணுப்பு. எங்களில் பாதிப்பேர் வேதக்காரர், பாதிப்பேர் சைவம். ஆகவே தேவாரமும் உண்டு, செபமும் உண்டு, ஐயரின் ஆசியுரையும் உண்டு, பாதரின் ஆசியுரையும் உண்டு. ஐயர் கூடுதலாகப் பேசிவிட்டார் என்று பாதரை இன்னும் கொஞ்சம் பேசச் சொன்னார்கள். வரவேற்பு நடனம் ஆடிய சிறுமிகளுக்குப் பாட்டுக் கசெற் இடையில் சிக்கி, முதலிலிருந்து ஆடினார்கள். வரவேற்புரை. தலைமையுரை. எல்லாம் தமிழில். இசைக்குழுக்காரர் ஒரு சொல்லும் விளங்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டு தேவாலயத்தில் இருப்பதுபோல் இருந்தார்கள்.

பத்திரிகைக்காரி மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் தலைவரின் காதுக்குள் குனிந்தேன்.

"அண்ணை, நான் ஒருக்கா இறங்கி அந்தப் பத்திரிகைப் பிள்ளையோட கதைச்சிட்டு வாறன். அவவுக்கு ரயில் இருக்கு."

"இருங்கோ தம்பி. இடையில எழும்பிப் போனால் சபை என்ன நினைக்கும்? இப்ப ஆய்வுரைதான், கெதியில முடிஞ்சிடும்."

ஆய்வுரை செய்தவர் ஊரில் தமிழ் ஆசிரியர். கோழிப் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்த மனிதருக்குப் பேச ஒரு மேடை கிடைத்திருக்கிறது, விடுவாரா. பாட்டை வரி வரியாகப் பிரித்தார். யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, இதில் உவமை இல்லை என்றார். ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வது கூறியது கூறல் என்னும் குற்றம் என்றார். "கோப்பிக்குப் பதிலாத் தேயிலை எண்டு பாடியிருந்தால் எங்கட நாட்டின்ர பெருமையும் வெளிப்பட்டிருக்கும்" என்றார். கைதட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்த இடத்தில் அந்த மனிதரை மேடையோடு சேர்த்துத் தூக்கி வெளியே போடலாம் போல எனக்கு இருந்தது, பொய் சொல்லி என்ன.

முதற்பிரதியை மரக்கறிக்கடை முதலாளி பெற்றுக்கொண்டார். பிறகு சிறப்புப் பிரதிகள். ஒவ்வொருவராக மேடைக்கு ஏறி, தலைவரின் கையால் வாங்கி, கமராவுக்கு ஒரு கணம் உறைந்து நின்று, இறங்கினார்கள். இசைக்குழுவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைப் பத்திரிகைக்காரி எழுந்து படம் எடுத்தாள். எடுத்துவிட்டுப் பையை மூடினாள். என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து, மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்துவிட்டு, கதவுப் பக்கம் நடந்தாள். நான் எழுந்தேன். அந்த நேரம் பார்த்துச் சிறப்புப் பிரதி வாங்க வந்த ஒரு பெரியவர் படியில் நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கினார். அவர் விட்டபோது கதவு சாத்தியிருந்தது.

இவ்வளவும் முடிந்து, இப்போது பாடலை ஒலிக்க விடுவோம் என்று தலைவர் அறிவித்தார். சபை நிமிர்ந்து இருந்தது. தலைவர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் பொருளாளரைப் பார்த்தார்.

"ரெக்கோர்ட் போடுற மெசின் ஆரிட்ட இருக்கு?"

ஒருவரிடமும் இல்லை. இந்த நாட்டுக்கு வந்து முதற் சம்பளத்தில் நாங்கள் வாங்கியது இரட்டைக் கசெற் போடும் ரேப்றெக்கோடர். வீட்டுக்குக் குரல் அனுப்புவதும் வீட்டிலிருந்து குரல் வருவதும் கசெற்றில்தான். இசைத்தட்டு சுழலும் மெசின் எங்களில் ஒருவனுக்கும் தேவைப்படவில்லை. விளக்குக்குத் திரியை மறக்கவில்லை, பொன்னாடைக்குச் சரிகையை மறக்கவில்லை, பாட்டுக்கு மெசினை மறந்துவிட்டார்கள். "நாங்களே அடித்துப் பாடுகிறோம்" என்று பாடினவன் பொன்னாடையோடு கிற்றாரைத் தூக்கினான். அந்த நேரம் மண்டபப் பொறுப்பாளர் திறப்புக் கோர்வையை ஆட்டிக்கொண்டு வந்து நின்றார். வாசலில் உடற்பயிற்சிக்கு வந்த பெண்கள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த விழாவில் அந்தப் பாட்டு மட்டும் கேட்கவில்லை. நான் நன்றி சொன்னேன்.

அன்று எல்லோரும் கடமைக்கு ஒரு இசைத்தட்டு வாங்கினார்கள். இக்காஸ்டில் நான் போன பல வீடுகளின் கண்ணாடி அலுமாரிகளில், பீங்கான் கோப்பைகளுக்கும் சின்ன வேளாங்கண்ணி மாதாவுக்கும் நடுவில், உறை கலையாமல் அது வருடக்கணக்காக நின்றது.

செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையில் உட்பக்கத்தில் படம் வந்தது. பொன்னாடை போர்த்திய நாலு டெனிஷ்காரர், கையில் ரோல்ஸ். தமிழரின் விருந்தோம்பலைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் நல்ல மாதிரி எழுதியிருந்தாள். கடைசி வரியில், இவர்களில் சிலருடைய குடும்பங்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று ஒரு வசனம் இருந்தது. தலைவர் அதை வெட்டிச் சங்கச் சுவரில் ஒட்டினார். அவளுக்கு ரெலிபோன் எடுத்தேன். அந்தக் கதை போய்விட்டது, வேறு ஏதாவது புதிதாக நடந்தால் சொல்லுங்கள் என்றாள். புதிதாக நடக்க என்ன இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் கதையே.

அந்த ஆத்திரத்தில்தான் நான் பாட்டை வானொலியிலிருந்து கசெற்றில் பிடித்து மனைவிக்கு அனுப்பினேன். முன்னால் என் குரலில், "இது உம்மட பாட்டு. உம்மையும் பிள்ளையையும் பற்றி இஞ்ச பாடினது" என்று மட்டும் சொல்லியிருந்தேன். பாட்டின் அர்த்தத்தைச் சொல்லவில்லை. அங்கே ஷெல் விழுகிறது, இங்கே கோப்பி குடிக்கிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது. அவள் பதில் கசெற்றில் நன்றி சொன்னாள். பின்னால் மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தது மெல்லக் கேட்டது.

பிறகு ஒரு நாள் அனுமதிக் கடிதம் வந்தது. ஏன் இவ்வளவு காலம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை, விண்ணப்பம் நேற்றுத்தான் கிடைத்தது என்ற மாதிரி ஒரு எழுத்து. நான் திட்டவும் செய்தேன், அழவும் செய்தேன்.

விமான நிலையத்தில் மனைவி மெலிந்துபோய் வந்தாள். அவள் சேலைக்குப் பின்னால் மகள். கிட்டப் போனேன். என்னைப் பார்க்காமல் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குற்றம் சொல்ல முடியாது, அவளுக்கு அப்பா என்பது ஒரு ரேப்றெக்கோடர்.

ரயில் ஏறிய பிறகுதான் மனைவியின் வாய் திறந்தது.

"இஞ்சாருங்கோ, இந்த நாட்டுப் பொலிஸ் நல்லவை. பாஸ்போட் பாக்கிற இடத்தில இவள் பயத்தில உங்கட பாட்டை எடுத்து விட்டிட்டாள். அந்தப் பொலிஸ்காரனும் சிரிச்சுச் சிரிச்சுச் சேர்ந்து பாடினான். பின்னுக்கு நிண்ட சனமும் பாடினது. பாடிப் பாடியே முத்திரையைக் குத்தித் தந்தவன்."

நான் யன்னலைப் பார்த்தேன்.

"ஊரிலயும் நான் அயலுக்கெல்லாம் போட்டுக் காட்டினனான். என்ன சொல்லுது எண்டு கேப்பினம். எனக்கென்ன தெரியும். என்ர மனுசன் என்னை நினைச்சுப் பாடுவிச்சது எண்டு சொல்லிப்போட்டன்." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "அந்தப் பெரிய சத்தமா வாற இடம், அதில என்னப்பா சொல்லுது?"

என் மகள் இந்த நாட்டு மொழியில் முதன்முதல் கற்றுக்கொண்ட வசனம் அது. கோப்பு அசையாததற்குச் சொன்ன சாக்கை என் பிள்ளை தன் வாயால் பாடி நாட்டுக்குள் வந்திருக்கிறாள், முத்திரை குத்தியவனும் சேர்ந்து பாடியிருக்கிறான். மறைத்து இனி என்ன. சொன்னேன். ரெலிபோன், அந்தப் பெண், இடைவேளை, எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி கேட்டுக்கொண்டு, மடியில் தூங்கிப்போன மகளின் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டே இருந்தாள்.

அப்போது கடலுக்குக் குறுக்கே பாலம் இல்லை. கோசூர்த் துறைமுகத்தில் ரயில் அப்படியே கப்பலுக்குள் ஏறும், ஆட்கள் மேல்தட்டுக்குப் போவார்கள். நாங்களும் போனோம். உணவறை முழுக்க ஆட்கள், ஒவ்வொரு மேசையிலும் வெள்ளைக் கோப்பைகள். மனைவி நின்று அதை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

"எனக்கும் ஒண்டு வாங்கித் தாங்கோ" என்றாள்.

வாங்கி வந்து வைத்தேன். அதற்குள் மகள் முழித்துக்கொண்டு, மேசைக்குக் கீழே காலை ஆட்டி, தன்பாட்டில் பாடத் தொடங்கியிருந்தாள். பக்கத்து மேசைக் கிழவரும் கிழவியும் முகம் மலர்ந்து, எங்களைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தி, அடுத்த வரியிலிருந்து சேர்ந்துகொண்டார்கள். மனைவி அவர்களுக்குத் தலையசைத்தாள். பிறகு தன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுழித்து, கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

"இதையோ இவ்வளவு காலமும் குடிச்சுக்கொண்டிருந்தவை?" என்று கேட்டாள்.